கனமான கதவுக்கு வார்ப்புக் கீல்: உடையாமல், தொங்காமல் செய்வது எப்படி

கீல் உடைந்து திரும்பி வந்தால் பவுண்டரியில் முதலில் எழும் பேச்சு, "நக்கிளை இன்னும் ரெண்டு மில்லி தடியாக்கிடலாம்" என்பதுதான். கோவை கணபதிப் பக்கம் பேட்டர்ன் வேலை, அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கிற மாதிரி உருவைச் செய்கிற வேலை, செய்கிறவன் நான். அந்தப் பேச்சோடு எனக்குப் பல வருடச் சண்டை. நக்கிள் என்பது கீலின் அச்சுக் கம்பியான பின் நுழையும் உருளைப் பகுதி. அதைத் தடியாக்கினால் கீல் பெரும்பாலும் முன்பைவிட மோசமாகத்தான் வரும். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன மாற்ற வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன். மண்ணில் வார்க்கிற 4 அங்குலக் கன்மெட்டல் (செம்போடு வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் சேர்ந்த கலவை) கீலை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். சிறு பவுண்டரிகளும், பழைய மாதிரிக் கதவுக்குக் கீல் செய்து வாங்க நினைக்கிறவர்களும் இதை அப்படியே பின்பற்றலாம்.

முதலில் சுமையைக் கணக்குப் போடுங்கள். 7 அடிக்கு 3 அடி, 38 மில்லி தடிமன் உள்ள தேக்குக் கதவு என்றால், கனமீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால் சுமார் 48 கிலோ வரும். இந்தக் கனம் நேரே கீழே இழுப்பதோடு நிற்பதில்லை. கதவை வெளிப்பக்கமாகச் சாய்க்கவும் பார்க்கிறது. மேல் கீலுக்கும் அடிக் கீலுக்கும் இடைவெளி 1.6 மீட்டர் என்றால், மேல் கீலைக் கிடைமட்டமாகப் பிடுங்கும் இழுப்பு ஏறக்குறைய 14 கிலோ. கைப்பிடியில் 25 கிலோ உள்ள ஒரு பிள்ளை தொங்கி ஊஞ்சலாடினால் இன்னொரு 13 கிலோ சேரும். எந்த வீட்டுப் பிள்ளையும் தொங்கும் என்பதால் 27 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தகட்டைப் பாருங்கள். பின்னின் மையத்திலிருந்து முதல் திருகு வரிசை 15 மில்லி தள்ளி இருக்கிறது. தகடு 100 மில்லி நீளம், 4 மில்லி தடிமன். அந்த 27 கிலோ இழுப்பு தகட்டை வளைக்கும்போது, வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 1.5 கிலோதான். மண்ணில் வார்த்த நல்ல கன்மெட்டல் 10 கிலோ வரை வளையாமல் தாங்கும். ஆறு மடங்குக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. பிறகு எப்படி உடைகிறது?

உடைந்த கீலை எடுத்து, உடைந்த முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல வார்ப்பென்றால் முகம் முழுக்க ஒரே நிறத்தில், நெருக்கமான துகளாக இருக்கும். திரும்பி வருகிற கீல்களில் தகடும் நக்கிளும் சேரும் வேர்ப்பகுதியில் கறுத்த, சொரசொரப்பான ஒரு திட்டு தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது குட்டிக் குட்டிக் குகைகள். உலோகம் உறையும்போது சுருங்கி, நிரப்ப ஆளில்லாமல் விட்டுப்போன இடம் அது. கணக்கில் நாம் நினைத்த தடிமனில் பாதிகூட அங்கே உலோகம் இருந்திருக்காது.

இது ஏன் எப்போதும் அந்த இடத்திலேயே வருகிறது? வார்ப்பு உறைய ஆகும் நேரம், அதன் கன அளவை மேற்பரப்பால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1940-ல் க்வோரினோவ் சொன்ன விதி இது. 4 மில்லி தகட்டுக்கு அந்த எண் 2. 15 மில்லி விட்டமுள்ள கெட்டி உருளைக்கு 3.75. வர்க்கம் எடுத்தால், தகடு உறைய ஆகும் நேரத்தைப்போல மூன்றரை மடங்கு நேரம் நக்கிள் எடுத்துக்கொள்கிறது. தகட்டின் வழியாக உலோகம் ஊற்றியிருந்தால், நக்கிள் சுருங்கத் தொடங்கும்போது வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். இதை வைத்துக்கொண்டு நக்கிளை 17 மில்லி ஆக்கினால் அந்த எண் 4.25, நேரம் நான்கரை மடங்கு. குகை பெரிதாகும். தடியாக்குவது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

வரைபடத்தில் மாற்ற வேண்டியவை

ஒரு கிராப் தாளில் கீலின் குறுக்கு வெட்டை நான்கு மடங்கு பெரிதாக வரையுங்கள். காம்பஸை எடுத்து, தகட்டின் வெளி ஓரத்திலிருந்து நக்கிள் வரை உள்ளே அடங்குகிற மிகப்பெரிய வட்டங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். வட்டங்கள் ஓரத்திலிருந்து நக்கிளை நோக்கிப் படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது சிறுத்துவிட்டுப் பிறகு பெருத்தால், அந்தப் பெருத்த இடம்தான் குகை வரப்போகிற இடம். பேட்டர்ன் கடையில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலிருந்து ஓடுகிற முறை இது. இன்றைக்கும் நான் இதைச் செய்யாமல் கட்டையில் உளி வைப்பதில்லை.

இந்த வட்டங்கள் சரியாக வர, தகட்டை வெளி ஓரத்தில் 3.5 மில்லியில் தொடங்கி வேரில் 5 மில்லியாகச் சாய்வாகக் கொண்டுபோங்கள். கதவில் பதிகிற முதுகுப் பக்கம் தட்டையாகவே இருக்கட்டும்; சாய்வு உள்முகத்தில் வரட்டும். வேரின் உள்மூலையை வளைவாக நிரப்பும் பில்லட் 3 மில்லி போதும். கூர்மையாக விட்டால் அங்கே விரிசல் தொடங்கும். தாராளமாக 8 மில்லி பில்லட் கொடுத்தால் வேரிலேயே இன்னொரு தடித்த முடிச்சு உருவாகி, குகை நக்கிளின் மையத்திலிருந்து வேர்ப்பக்கம் நகர்ந்துவிடும். நக்கிளின் மையத்தில் குகை இருந்தால் பெரிய கேடில்லை, எப்படியும் 8 மில்லி துளை போட்டு அதை எடுத்துவிடப் போகிறோம். வேருக்கு நகர்ந்தால்தான் ஆபத்து.

அந்தத் துளையைக் கோர் (துளை வரவேண்டிய இடத்தில் அச்சுக்குள் வைக்கும் மண் தண்டு) வைத்து வார்க்கலாமே என்று கேட்பார்கள். 8 மில்லி கோர் 100 மில்லி நீளத்துக்கு நின்றால் உலோகத்தின் தள்ளலில் வளையும். கோரிலிருந்து வரும் காற்று வெளியேற வழியில்லாமல் சுவரில் புளோ ஹோல் எனும் காற்றுக் குழி விடும். கெட்டியாக வார்த்துத் துளைப்பதே நல்லது.

நக்கிள் எத்தனை வைப்பது? தகடு வளைத்துச் செய்யும் கீலைப் பார்த்து ஐந்து வைப்பார்கள். மண் வார்ப்புக்கு மூன்று போதும் என்பது என் முடிவு. நிலைப்பக்கத் தகட்டுக்கு மேலும் கீழுமாக இரண்டு, ஒவ்வொன்றும் 30 மில்லி. கதவுப்பக்கத் தகட்டுக்கு நடுவில் ஒன்று, 40 மில்லி. ஐந்து நக்கிளில் கனத்தை இரண்டு முகங்கள் பங்குபோட வேண்டும். ஆனால் அவை நூல் பிசகாமல் அமைந்தால்தான் அது நடக்கும். நடைமுறையில் ஒரு முகம் சுமக்கும், மற்றது வெறுமனே நிற்கும். மூன்று நக்கிளில் சுமக்கும் முகம் ஒன்றே ஒன்று. அதைச் சுத்தமாக மெஷின் செய்து, நடுவில் 1.5 மில்லி பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. அந்த வளையத்தின் பரப்பு 126 சதுர மில்லிமீட்டர். கதவும் தொங்குகிற பிள்ளையும் சேர்ந்து 73 கிலோ முழுவதும் ஒரே கீலில் விழுந்தாலும் சதுர மில்லிக்கு 0.6 கிலோகூட வராது. மூன்று கீல் மாட்டினாலும் மூன்றும் சமமாகச் சுமக்கும் என்று நம்பி வடிவமைக்காதீர்கள். ஆசாரி வெட்டும் ஆழத்தில் அரை மில்லி வித்தியாசம் இருந்தாலே ஒன்றுதான் சுமக்கும்.

இன்னொரு விஷயம், வார்ப்புக் கீலுக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை. இரண்டு தகடும் மூடும்போது உள்முகங்கள் ஒட்டிக்கொண்டால் கதவு முழுதாக மூடாமல் ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும். திருகுதான் அந்த எதிர்ப்பை எல்லாம் வாங்கி நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும். வார்ப்பில் தகட்டின் உள்முகத்தை, வேர்ப்பக்கத்திலும்கூட, பின்னின் மையக்கோட்டிலிருந்து 1 மில்லி பின்னுக்குத் தள்ளி வைத்துவிடலாம். மூடினால் வேரில் 2 மில்லி இடைவெளி தானாக வரும்.

திருகுத் துளைகளை ஒரே நேர்கோட்டில் வைக்காதீர்கள், மரம் ரேகை பிடித்துப் பிளக்கும். ஒன்று விட்டு ஒன்று முன்பின்னாக வையுங்கள். நக்கிள் பக்க வரிசையை, ஸ்குரூ டிரைவர் நேராக நிற்கிற அளவுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டே கொண்டுவாருங்கள். பின்னின் மையத்திலிருந்து திருகு வரிசைக்குள்ள அந்த 15 மில்லி கூடக் கூடத் திருகைப் பிடுங்கும் நெம்பு கூடும்.

எந்த உலோகம்

இங்கிலாந்தில் 1775-லேயே ஐசன், ஒயிட்ஹர்ஸ்ட் என்ற இருவர் வார்ப்பிரும்புக் கீலுக்குப் பேடன்ட் வாங்கினார்கள். மலிவாக, ஒரே மாதிரியாக, நிறையச் செய்ய முடிந்ததால் அது பரவியது. ஆனால் சாதாரண வார்ப்பிரும்பு அடியைத் தாங்காது, வளையாமல் பட்டென்று போகும். வெளிவாசல் கேட்டுக்கு இரும்புதான் வேண்டும் என்றால், பட்டென்று உடையாத வார்ப்பிரும்பு வகையான எஸ்.ஜி. அயர்னில் செய்யுங்கள். கோவையில் அதை வார்க்கிற பவுண்டரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தகடு 5 மில்லிக்குக் கீழே போனால் வேகமாக உறைந்து கடினமான கார்பைடு பிடித்துக்கொள்ளும், டிரில் உள்ளே இறங்காது.

வீட்டுக் கதவுக்குப் பித்தளையா கன்மெட்டலா? 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை கோவை, மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களுக்குப் போதும். கடலோரத்துக்கு வேண்டாம். உப்புக்காற்றில் துத்தநாகம் மட்டும் கரைந்துபோய், சிவந்த பஞ்சுபோன்ற செம்பு மிஞ்சும். வெளியே பார்க்க முழுசாக இருக்கும், சுத்தியலால் தட்டினால் நொறுங்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் வீடுகளுக்கு 85-5-5-5 கன்மெட்டல்தான்: செம்பு 85, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலா 5.

ஸ்கிராப்பை உருக்குவதானால் கவனம். பழைய குழாய், வால்வு எல்லாம் கலந்து வரும்போது அலுமினியம் உள்ளே நுழைந்துவிடும். கன்மெட்டலில் அது மிகச் சிறிதளவு கலந்தாலும் வார்ப்பு முழுக்க நுண்துளை விழும். அதனால் ரசாயன அறிக்கையோடு இன்காட் (வார்த்த உலோகக் கட்டி) வாங்குவதே மேல். அல்லது ஒவ்வொரு உருக்கிலும் ஒரு சின்ன பட்டன் வார்த்து உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பேட்டர்னும் மண்ணும்

கன்மெட்டலுக்குச் சுருக்கம் 1.5 சதவீதம். 100 மில்லி கீலுக்கு 101.5, இரண்டு முனையும் மெஷின் செய்யத் தலா ஒரு மில்லி, ஆக 103.5. அடிக்கடி தப்பிப்போவது அடுத்த படி. நிறைய எண்ணிக்கை வேண்டும் என்று மரப் பேட்டர்னிலிருந்து அலுமினியப் பேட்டர்ன் வார்ப்பீர்கள் அல்லவா, அந்த அலுமினியமும் 1.3 சதவீதம் சுருங்கும். ஆகவே மர மாஸ்டர் 104.8 இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முனையில் மெஷின் செய்ய வைத்த உலோகத்தில் பெரும்பகுதி சுருக்கத்தில் போய்விடும்.

மண் அச்சின் மேல், கீழ்ப் பெட்டிகள் பிரியும் கோடு பின்னின் மையத்தில் போகட்டும். நக்கிளில் பாதி மேல் பெட்டியில், பாதி கீழ்ப் பெட்டியில். நக்கிளின் பக்க முகங்களுக்கு ஒன்றரை டிகிரி டிராப்ட், அதாவது பேட்டர்ன் மண்ணிலிருந்து சுலபமாக வெளிவரும் சரிவு, கொடுங்கள். 7.5 மில்லி உயரத்துக்கு அது 0.2 மில்லி சரிவுதான், பிறகு கட்டரில் போய்விடும். திருகின் தலை உட்காரும் கவுண்டர்சிங்க் குழியைக் கூம்பாகவே பேட்டர்னில் வைத்துவிடலாம், அதன் சரிவே டிராப்ட். துளையை மட்டும் அப்புறம் டிரில் செய்யுங்கள்.

உலோகம் ஊற்றும் வாயை நக்கிளின் முனை முகத்தில் வையுங்கள். தகட்டின் ஓரத்தில் வைத்தால் வெட்டுவதும் தேய்ப்பதும் சுலபம் என்பதால் பலர் அங்கேதான் வைக்கிறார்கள். முன்பு சொன்ன காரணத்தால் குகைக்கு வழிவிடுவது அதுதான். முனை முகம் எப்படியும் மெஷின் ஆகப்போகிற இடம், தழும்பும் தெரியாது. நிலைப்பக்கத் தகட்டில் இரண்டு நக்கிள் தனித்தனியாக நிற்பதால் இரண்டுக்கும் தனி ஊற்றுவாய் (இன்கேட்) வேண்டும். ஒன்றில் ஊற்றி மற்றதுக்குத் தகடு வழியாகப் போகட்டும் என்றால் போகாது. இன்கேட்டைக் குட்டையாகவும் 10 மில்லிக்குக் குறையாத தடிமனாகவும் வைத்து, அதன் பின்னால், சுருங்கும் வார்ப்புக்கு உலோகம் தரும் ஒரு சின்னத் தேக்கம் (ரைசர்) நிறுத்துங்கள். தகடு, நக்கிள், இன்கேட், ரைசர் என்ற வரிசையில் உறைய வேண்டும்.

மண் நைசாக இருக்கட்டும், ஈரம் 3 முதல் 4 சதவீதத்துக்குள். கையில் பிடித்து உடைத்தால் விளிம்பு உதிராமல் இரண்டாக உடைய வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது. ஊற்றும் வெப்பத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் தெர்மோகப்பிள் போடுங்கள். இந்தத் தடிமனுக்கு 1150 முதல் 1180 டிகிரி செல்சியஸ். குறைந்தால் தகட்டின் ஓரத்தில் ஒட்டாத மடிப்பு விழும். கூடினால் மண் உள்ளே கடித்துக்கொள்ளும், வாயுவும் ஏறும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் வெள்ளைப் புகை வரத்தான் செய்யும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும். உலை மேல் புகைபோக்கியும் முகக்கவசமும் கட்டாயம். இன்காட்டைச் சூடாக்கிக் காய வைக்காமல் உருகியதில் போடவே கூடாது; ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு ஈரம் போதும், உலோகத்தைத் தெறிக்க வைக்க.

ஊற்றிய உடனே பெட்டியைப் பிரிக்கிற அவசரமும் வேண்டாம். தகடு ஆறி நக்கிள் இன்னும் சிவப்பாக இருக்கும்போது வெளியே எடுத்தால் தகடு வில்லாக வளையும். மண்ணுக்குள்ளேயே ஆறட்டும்.

துளை போடும் வரிசை

கீல் உறுத்தாமல் சுழல்வது இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது. இரண்டு தகட்டுக்கும் தனித்தனியாகத் துளை போட்டுப் பிறகு சேர்ப்பது வேகம். ஆனால் துளைகள் கால் மில்லி பிசகினாலும் பின் ஒரு பக்கம் உரசி, கறுத்த பொடி கொட்டத் தொடங்கும். நான் சொல்வது இது:

முதலில் நக்கிள் பக்க முகங்களை மில்லிங்கில் சுத்தம் செய்யுங்கள். வாஷரை இடையில் போட்டு இரண்டு தகட்டையும் கோத்து, மூடிய நிலையில் மடக்குங்கள். தகடுகளுக்கு நடுவே, வேரையொட்டி, 2 மில்லி ஷிம் (இடைவெளித் தகடு) வையுங்கள். வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கில் நக்கிளின் வெளிப்பக்கம் வி-பிளாக்கில் உட்கார வேண்டும், தகட்டின் முதுகைக் கிளாம்ப் அழுத்த வேண்டும். இப்போது மூன்று நக்கிளையும் ஒரே ஓட்டமாக 7.8 மில்லி டிரில்லால், சிறிது சிறிதாக இறக்கி, துகளை வெளியே எடுத்து எடுத்துத் துளைத்து, அப்படியே கழற்றாமல், துளையைத் துல்லியமாக விரிக்கும் 8 மில்லி ரீமர் விடுங்கள். வார்ப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மூடும் இடைவெளி 2 மில்லிக்கு மாறாது, ஷிம் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஜோடி இனி பிரியக்கூடாது. தகட்டின் முதுகில் ஒரே எண்ணை இரண்டிலும் பஞ்ச் அடித்துவிடுங்கள்.

பின்னுக்கு எஸ்.எஸ். 304 கம்பி. கன்மெட்டலோடு நன்றாக ஒத்துப்போகும். பின் நிலைப்பக்க நக்கிளில் இறுகி நிற்க வேண்டும், கதவுப்பக்க நக்கிள் அதைச் சுற்றிச் சுழல வேண்டும். அதற்காக நடு நக்கிளை மட்டும் 8.05 வரை தளர்த்துங்கள். பின்னின் தலைக்குக் கீழே 8 மில்லி நீளத்துக்குச் சொரசொரப்பான வரி (நர்லிங்) போட்டு அடித்து இறக்கினால் மேலே ஏறிவராது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற வாசலென்றால் உள்முகத்தில் ஒரு கிரப் ஸ்குரூவும் (பின்னை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத திருகு) வையுங்கள், வெளியிலிருந்து பின்னைத் தட்டி எடுக்க முடியாது.

சோதனை

ஒவ்வொரு உருக்கிலும் ஒரு கீலை வேரோடு சேர்த்துக் குறுக்கே அறுத்து, எமரி தாளில் தேய்த்து, நுண்துளையில் இறங்கிக் காட்டும் சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் தடவிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி வேரில் தெரிந்தால் அந்த உருக்கு முழுவதையும் திரும்ப உலைக்கு அனுப்புங்கள். ஒரு கீலை அறுக்க மனம் வராதவர்கள் உண்டு. வாங்குகிறவரின் வீட்டில் கதவு விழுவதைவிட அது மலிவு. இரும்பல்லாத கீலுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 205, அளவுகளை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் ஈ.என். 1935 தரத்தில் கடினப் பயன்பாட்டுக் கீல் 2,00,000 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு கியர் மோட்டாரும் பழைய கதவும் இருந்தால் அந்த ஓட்டத்தைப் பட்டறையிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் பழைய கதவுக்குக் கீல் கேட்டு வருவார்கள். அந்தக் கதவுகளில் பல கீலில் நிற்கவில்லை, மேலும் கீழும் உள்ள முளையான குடுமியில், குழிக்குள் சுழல்கின்றன. கனம் முழுவதும் நேராகத் தரைக்கு இறங்குகிறது, பக்கவாட்டு இழுப்பைத்தான் மேல் குடுமி தாங்குகிறது. குழி தேய்ந்திருந்தால் அங்கே ஒரு கன்மெட்டல் கிண்ணம் வார்த்துப் பதித்தால் போதும். குடுமியை வெட்டிவிட்டுக் கீலில் மாட்டச் சொல்கிறவர்களுக்கு நான் கீல் செய்து தருவதில்லை.

மாட்டும்போது, மூன்றாவது கீலை நட்டநடுவில் வைக்காமல் மேல் கீலுக்கு 20 சென்டிமீட்டர் கீழே வையுங்கள், பிடுங்கும் இழுப்பு அங்கேதான் இருக்கிறது. கதவு வளையக்கூடிய பச்சை மரமாக இருந்தால் மட்டும் நடு. பித்தளைத் திருகை நேரே தேக்கில் ஏற்றினால் கழுத்து முறியும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றிக் கழற்றிவிட்டு, அந்த வழியில் பித்தளையை மெழுகு தடவி ஏற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கதவின் அடியில் இடைவெளியைப் பாருங்கள். 1 மில்லி குறைந்திருந்தால் பின்னைத் தட்டி எடுத்து வாஷரை மாற்றுங்கள். அப்போது நடு நக்கிளின் துளையையும் அளந்து, 8.3 தாண்டியிருந்தால் 10 மில்லிக்கு விரித்து 1 மில்லி சுவருள்ள பிரான்ஸ் குழாய்த் துண்டை (புஷ்) அடித்து, மறுபடி 8.05-க்கு ரீமர் விட்டுவிடுங்கள்.